நாற்பத்தொரு சதவீத சார்ஜோடு ஸ்ரீரங்கம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை திருச்சிக்குப் போனது ரஃபீக்கைப் பார்க்கத்தான். கோயில் என்பது இடையில் முளைத்த ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த குளறுபடி எல்லாம் இந்த இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்ற என் பேராசையால் வந்தது.

ரஃபீக்கும் நானும் திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. இப்போது அவன் ஷார்ஜாவில் ஒரு மொபைல் கடையில் ரிப்பேர் பார்க்கிறான். தங்கை நிக்காஹ்வுக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் வந்திருந்தான். நான் வேலை பார்க்கும் கரூர் பெட்ஷீட் கம்பெனியில் அதே வாரம் கன்டெய்னர் அனுப்பும் நெருக்கடி, கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அவன் ஊருக்கு வந்த போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. நேரில் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது அவன் கிளம்பும் நாள் மட்டும்தான். மாலை ஆறு மணிக்கு ஃப்ளைட். மதியம் 12.45க்கு சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு.

என் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வயது. பேட்டரி படுமோசம். நாற்பது காட்டும், ஒரு போட்டோ எடுத்தால் இருபது காட்டும், அதன் பிறகு அதை நம்பி ஒரு ஆட்டோகூடக் கூப்பிட முடியாது. கடையில் கொடுத்தால் ஆயிரத்து நானூறு ரூபாயில் பேட்டரி மாற்றித் தருவார்கள். நான் மாற்றவில்லை. காரணம், அதே கம்பெனியின் அடுத்த மாடல் ‘இதோ வருகிறது’. பதினாலு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. ஏழாயிரம் எம்.ஏ.ஹெச் பேட்டரியாம், இரண்டு நாள் தாங்குமாம், இருபது நிமிடத்தில் பாதி ஏறிவிடுமாம். இதையெல்லாம் எனக்கு அனுப்புவது ரஃபீக்தான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது ஒரு வதந்தியோடு வருவான், அதை வைத்து அரை மணி நேரம் வழக்காடுவோம். பேட்டரியை மாற்றிவிடட்டுமா என்று கேட்டால், இத்தனை நாள் பொறுத்தாய், இன்னும் ஒரு மாதம் பொறு என்பான். என் மனைவி சுமதி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, பொண்ணு பார்க்கப் போய்க்கொண்டே இருந்தவனுக்குத் தலை நரைத்த கதை என்பாள்.

கரூரிலிருந்து காலை 7.20 பாசஞ்சர். திருச்சி கோட்டை ஸ்டேஷன் 72 கி.மீ., டிக்கெட் இருபது ரூபாய். போகிறவர்கள் தயவுசெய்து இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். குளித்தலை தாண்டியதும் காவிரி கூடவே வரும், ஜீயபுரம் வரை வாழைத் தோட்டம்தான். நான் வீடியோ எடுத்துத் தள்ளினேன். போதாததற்கு, ரஃபீக் பெட்டி கட்டும் அவசரத்தில் அடிக்கடி போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டாம் என்று, லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டு அவனுக்கு அனுப்பிவிட்டேன். பவர் பேங்க் வீட்டில், சமையலறை மேடையில், பத்திரமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அது நினைவுக்கு வந்தது குளித்தலையில்.

9.05க்குக் கோட்டை ஸ்டேஷன். அங்கிருந்து சத்திரம் நடக்கும் தூரம்தான். பொங்கல், வடை, காபி எண்பது ரூபாய், வடை பிரமாதம். மணி 9.45. பிரியாணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, ஸ்ரீரங்கம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்ரீரங்கம் போகாமல் திரும்பினால் சுமதியிடம் யார் பேச்சு வாங்குவது? டவுன் பஸ் ஏறினேன், பத்து ரூபாய். பாலத்தில் நெரிசல் இல்லாததால் இருபது நிமிடத்தில் ராஜகோபுரம். அங்கிருந்து கடைகளுக்கு நடுவே பத்து நிமிட நடையில் ரங்கா ரங்கா கோபுரம்.

மொபைலை உள்ளே கொண்டு போகக் கூடாது. கோபுர வாசலுக்கு அருகே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தரும் கவுண்டர் இருக்கிறது, ஐந்து ரூபாய். கவுண்டரில் இருந்த அம்மா, கண்ணாடியும் நீலப் புடவையுமாகக் கண்டிப்பானவர், போனை ஆஃப் செய்து கொடுக்கச் சொன்னார். திரையில் 41 சதவீதம். ஆஃப் செய்தால் என் போன் மறுபடி உயிர் பெறுமா என்பது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. லொகேஷனும் நின்றுவிடும், ரஃபீக் பதறுவான். அவர் வேறு ஒருவருக்கு டோக்கன் எழுதத் திரும்பிய நேரத்தில், ஆஃப் செய்ததுபோல் திரையை மட்டும் அணைத்துவிட்டு நீட்டினேன். நாற்பத்தொரு வயதுக்காரன் செய்கிற காரியமா இது?

வரிசையில் நின்றபோது 10.35. இலவச தரிசனம். நூறு ரூபாய் வரிசையும் இருக்கிறது, ஆனால் அதுவும் நீளமாகத்தான் தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து போனேன். கையில் வாட்ச் கட்டி எட்டு வருடம் ஆகிறது, மணி பார்ப்பதும் போனில்தான். என் கணக்கில் பதினொன்றரை இருக்கும் என்று நினைத்தபோது வரிசை அசையாமல் நின்றது. முன்னால் இருபது பேர்தான். எனக்கு முன் நின்ற, திருமண் இட்ட பெரியவர் கையில் வாட்ச் இருந்தது. கேட்டேன். பன்னிரண்டு பத்து.

ஏன் நிற்கிறது என்றும் கேட்டேன்.

“பெருமாள் அமுது செய்யற நேரம் ஸ்வாமி. திரை சாத்தியிருக்கா. சித்த பொறுத்துண்டு சேவிச்சுட்டே போங்கோ.”

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றேகால் வரை பூஜைக்காகத் தரிசனம் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிடமே திரும்பி நடந்திருந்தால் பிரியாணிக் கடைக்கு நேரத்துக்குப் போயிருப்பேன். ஒன்றரை மணி நேரம் நின்றாகிவிட்டதே, இருபது பேர்தானே, முன்கூட்டியே திறந்துவிடுவார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன். ரஃபீக்குக்கு வைத்திருந்த நேரத்தை எடுத்துப் பெருமாளுக்குக் கொடுத்தேன். நண்பன்தானே, காத்திருப்பான் என்ற தைரியம். திரை திறந்து, நான் பெருமாள் முன் நின்றது சில விநாடிகள். பாதம் முதல் திருமுகம் வரை பார்க்க வேண்டும் என்பார்கள். நான் பாதத்தைப் பார்த்து, ரஃபீக் கிளம்பியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டதிலேயே என்னை நகர்த்திவிட்டார்கள்.

கிட்டத்தட்ட ஓடித்தான் கவுண்டருக்கு வந்தேன். மணி 1.40. விமான நிலையம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர், மூன்று மணிக்கு அவன் அங்கே இருந்தாக வேண்டும். போனை வாங்கிப் பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரை. மறுபடி அழுத்தினேன். காலி பேட்டரிப் படம் ஒரு கணம் வந்து, அதுவும் போய்விட்டது.

கண்ணாடி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்து, நம்பர் சொல்லச் சொன்னார். எனக்கு எந்த நம்பர் தெரியும்? என்னுடையதும் சுமதியுடையதும். இருபது வருட நண்பனின் நம்பர் எப்படித் தொடங்கும் என்பதுகூடத் தெரியவில்லை. சுமதிக்கு மூன்று தடவை அடித்தோம். எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சரி, பிரியாணிக் கடைக்கே போய்ப் பார்ப்போம் என்று ஆட்டோவைக் கைகாட்டப் போனேன். அதற்குள் கண்ணாடி அம்மா, நான் கொடுத்த டோக்கனின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார், நில்லுங்க. நீங்கதானே அந்தப் போனை ஆஃப் பண்ணாம குடுத்துட்டுப் போனது?”

ஆமாம் என்றேன்.

“ஏழு தடவ அடிச்சிச்சு. எங்கேருந்து அடிக்குதுன்னு தேடிப் பாத்தா, இங்கயே ஒருத்தர் வெளியில நின்னு அடிச்சிட்டு இருக்காரு. மேப்பைக் காட்டி, ‘அவன் இங்கதான் இருக்கான் மேடம்’ங்கிறாரு. போன்தாங்க இங்க இருக்கு, ஆளு உள்ள போயிட்டாருன்னேன். ஏழாவது தடவையோட உங்க போனும் போயிருச்சு. அந்தா, எதிர் டீக்கடையில ஒரு மணி நேரமா ஒக்காந்திருக்காரு. போங்க மொதல்ல.”

எதிரே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். முன்பைவிடக் கொஞ்சம் தொப்பை, தாடியில் அங்கங்கே வெள்ளை. பன்னிரண்டு மணிக்கு லொகேஷனைப் பார்த்திருக்கிறான், புள்ளி கோயில் வாசலிலேயே நிற்கிறது. இவன் வந்து சேரப் போவதில்லை என்று புரிந்து, பெட்டிகளைத் தம்பியோடு நேராக ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு, வாடகைக் காரில் இங்கே வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“பெருமாளப் பாக்க மூணு மணி நேரம் நிப்ப. என்னையப் பாக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி வர மாட்ட. என்ன மாப்ள?”

நான் ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தேன். அதற்குள் எழுந்து கட்டிப்பிடித்துவிட்டான். வரிசையில் நின்ற வியர்வை எல்லாம் அவன் பயணச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை.

2.15க்கு அவன் கிளம்ப வேண்டும். முப்பது நிமிடம் இருந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? போனைக் கொடு என்றான். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தான். அதில் இரண்டு மூன்று ஸ்க்ரூடிரைவர், கிட்டார் வாசிக்கும் முக்கோணத் தகடு மாதிரி ஒன்று, பிளாஸ்டிக் உறையில் ஒரு புது பேட்டரி. டீ மாஸ்டரிடம் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் வெந்நீர் கேட்டு வாங்கி, என் போனைக் கவிழ்த்து, மேலே ஒரு கர்ச்சீப் போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்தான். சூட்டில் பின்மூடியின் பசை இளகுமாம். கடையில் இதற்கென்று மெஷின் இருக்கிறது, இங்கே டம்ளர்தான் மெஷின் என்றான். ஓரம் ஓரமாக டம்ளரை நகர்த்திவிட்டுத் தகட்டைச் செருகி மூடியைத் திறந்தான். உள்ளே என் பேட்டரி பூரி மாதிரி லேசாக உப்பியிருந்தது. நல்ல வேளை மாப்ள என்று முணுமுணுத்தான். (யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். பழையதை ஒரு டப்பாவில் போட்டுக் கடையில் கொடுக்கச் சொல்லி எனக்கு மூன்று தடவை எச்சரித்தான்.)

தலையைத் தூக்காமல் வேலை பார்த்துக்கொண்டே தங்கை கல்யாணத்தைச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள், அல்ஹம்துலில்லாஹ் என்றான். அத்தாவுக்கு, அதாவது அவன் அப்பாவுக்கு, முட்டி வலி என்றான். நான் பருப்பு வடையைப் பிட்டு அவன் வாயில் வைத்தேன், அவன் கை இரண்டும் வேலையில் இருந்ததால். இந்த பேட்டரியை எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

“ஒரு வருஷமா என் டிராயர்லதான் கெடந்துச்சு.”

ஒரு வருடமாகவா? அப்புறம் எதற்கு அடுத்த மாடல் வரட்டும், பொறு பொறு என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாய் என்றேன். அவன் ஒரு ஸ்க்ரூவை முடுக்கி முடித்துவிட்டுச் சொன்னான்.

“புதுசு வாங்கிட்டாலும் சரி, பேட்டரி மாத்திட்டாலும் சரி, அதோட பேச்சு முடிஞ்சிரும்ல. நல்லாருக்கியா, நல்லாருக்கேன்னு வச்சிருவோம். அங்க ரூம்ல எட்டு பேரு இருக்கோம் மாப்ள. எல்லாரும் அவனவன் வீட்டோட பேசுவான். நான் வீட்டோட பேசி முடிச்சதும் ஒன்னோட சண்ட போடணும். அதுக்கு ஏதாவது வேணும்ல.”

எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வரவில்லை. இந்தப் பதிவில் சொல்கிறேன்: எனக்கும் அப்படித்தான் ரஃபீக்.

2.12க்குப் போன் உயிர் பெற்றது. முதலில் வந்தது சுமதியின் அழைப்பு. யாரோ தெரியாத நம்பரிலிருந்து மூன்று தடவை அடித்தார்கள், நான் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள் என்றாள். ரஃபீக் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே காரில் ஏறினான். கார் தெற்குச் சித்திரை வீதித் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். பிறகு கவுண்டர் அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் அடுத்த தடவை ஆஃப் செய்துதான் வாங்குவேன் என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஒன்பதுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள், மதியப் பூஜை நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், விசேஷ நாட்களில் அது மாறும். கையில் ஒரு வாட்ச் இருக்கட்டும். முக்கியமான இரண்டு நம்பர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். யாரையாவது சந்திக்க வேண்டிய நாளில், சந்தித்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள், பெருமாள் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவருக்கு ஃப்ளைட் இல்லை. ரயில், பஸ், சாப்பாடு, டோக்கன் எல்லாம் சேர்த்துத் திரும்பி வரும்வரை எனக்கு ஆனது இருநூற்று எழுபது ரூபாய்.

போன வாரம் அந்தப் புது மாடல் ஒருவழியாக வந்தேவிட்டது. வதந்தி அத்தனையும் உண்மை. ஏழாயிரம் எம்.ஏ.ஹெச், இரண்டு நாள் தாங்குகிறதாம், விலையும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு ரஃபீக்குக்கு எழுதினேன்: “கலர் ஒண்ணும் சரியில்லடா. அடுத்த மாடல் வரட்டும், பாப்போம்.”

அரை நிமிடத்தில் பதில் வந்தது. “நானும் அதான் சொல்ல இருந்தேன் மாப்ள. அடுத்ததுல எட்டாயிரம்னு பேசிக்கிறாங்க. நீ ஃப்ரீயா? கால் பண்றேன்.”