பெலுகார் நிலவறையில் குடித்த தேவதூதர்கள்

பிரான்சில் எங்கள் மெதோக் பக்கம் ஒயினை முதலில் குடிப்பவர்கள் தேவதூதர்கள். ஓக் பீப்பாயில் கிடக்கும் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகிறதே, அதைத்தான் தேவதூதர் பங்கு என்போம். பெலுகார் திராட்சைத் தோட்டத்தில் அந்தப் பங்கு மற்ற இடங்களைவிட அதிகம். காரணம், நிலவறைச் சாவி வைத்திருந்த அமெதே லார்ரியூதான் என்று சொல்வோர் உண்டு. நானும் சொல்வேன்.

அமெதே பிறந்ததே அறுவடை அன்று, திராட்சைக் கூடைக்குள். ஞானஸ்நானத் தண்ணீரைக் கண்டு அலறியவர், அதன்பின் தண்ணீரோடு பெரிதாகப் பழகவில்லை. மூக்கு பீட்ரூட் நிறம். அவர் நிலவறைக்குள் போனால் விளக்கே வேண்டாம் என்பாள் மனைவி யூலாலி. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. வாரந்தோறும் ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து, குறைந்ததை ஊற்றி விளிம்புவரை நிரப்புவார். விட்டால் காற்று புகுந்து புளித்துவிடும். அப்படிக் காத்து, போத்தலில் பத்து வருஷம் உறங்கவைத்த பெலுகார் சிவப்பைக் குடித்து பிஷப்பே கண்ணீர் விட்டாராம். ஓசியில் கிடைத்ததாலும் இருக்கலாம்.

முதலாளி இறந்ததும் தோட்டம் அவர் மனைவி மதாம் ஒர்த்தான்ஸ் கைக்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் புரோட்டஸ்டண்ட்காரர் விருந்தில் வாய்விட்ட ஒரு பேச்சைக் கேட்டு, மதாம் நேரே அமெதேயிடம் வந்தார்.

“இங்க குறையறதுல பாதிதான் அவங்க பீப்பாயில குறையுதாம். இங்க மட்டும் ஏன்யா இவ்வளவு?”

“அவங்க தேவதூதருங்க புரோட்டஸ்டண்ட் மதாம், அடக்கமா இருப்பாங்க. நம்மளுது கத்தோலிக்கம். திருவிழா ஜாஸ்தி.”

மதாம் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். குளிர்காலம் முழுக்கத் தானே நிலவறையில் உட்காரப் போவதாகவும், அப்போது இழப்பு குறைந்தால் இதுவரை குடித்தது அமெதேதான் என்று ஆகும், வசந்தத்தில் அவர் கொடி வெட்டப் போகவேண்டியதுதான் என்றும் சொன்னார். அமெதேயின் முழங்கால் இரண்டும் எப்போதோ ஓய்வு பெற்றவை. நிலவறை மாடியிலிருந்த வீடும் சாவியோடு போய்விடும். யூலாலி அன்றே சட்டிகளைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

மதாம் முக்காலியும் பின்னல் ஊசியுமாக வந்து உட்கார்ந்தார். ஊற்றும் ஒயினை முதலில் ருசி பார்த்துவிட்டு மரத்தூள் பெட்டியில் துப்புவது எங்கள் வழக்கம். அமெதே வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே துப்பினார். முகத்தில் சாவு வீட்டுக் களை. சாட்சிக்கு இருப்பவரும் ருசி பார்க்கவேண்டும் என்று மதாமிடமும் ஒரு கோப்பை நீட்டினார். மதாமின் கன்னம் உப்பியது. பெட்டியைப் பார்த்தார், அமெதேயைப் பார்த்தார்.

“துப்பிடுங்க மதாம்.”

மதாம் மடக்கென்று விழுங்கினார். “எங்க வம்சத்துல பொம்பளைங்க துப்புனதில்ல.”

பீப்பாய்க்கு ஒரு மடக்கு, வம்ச கௌரவத்துக்காக. கிறிஸ்துமஸ் தாண்டியதும், “அந்தக் கடைசிப் பீப்பாய் சரியாப் பிடிபடல, இன்னொரு தடவை குடு” என்று ஆரம்பித்தார். பின்னிய காலுறையில் மூன்றாவது குதிகால் முளைத்தது. தவக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவையே அமுக்கிப் பாடினார். பாதிரியார் அதைப் பக்தி என்று நம்பினார், பாவம்.

வசந்தத்தில் அளந்து பார்த்தார்கள். பெலுகார் சரித்திரத்திலேயே தேவதூதர்கள் அவ்வளவு குடித்ததில்லை.

அமெதே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வராமல் மீசையைக் கடித்தபடி நின்றார்.

“இந்த வருஷம் கொஞ்சம் தூக்கலாத்தான் போயிருக்கு மதாம்.”

“குளிர் அப்படி” என்றார் மதாம், முகம் மாறாமல். “அதுங்களுக்கும் றெக்கை விறைக்காதா?”

சாவியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, வாரா வாரம் ருசி பார்க்க மட்டும் தன்னைக் கூப்பிடச் சொன்னார்.