பந்தலுக்குக் கேட்ட முட்டு

சூளகிரிக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வாசல் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுவும் பேத்தி பாடம் படிக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டது. போன தை மாதம் ஒரு கலியாணத்துக்குப் போனபோது அந்தக் கல்லின் முன்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். கட்டியவர் என்று காண்ட்ராக்டரின் பெயர் இருந்தது. படித்து முடித்ததும் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. கல்லில் வெட்டாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. எனக்கு ஏழு வயது இருக்கும். அப்பா அந்தக் கட்டடத்துக்கு மேஸ்திரி. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அதே வேலையில் சித்தாள். சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தவள். ஊரில் அதுவரை ஓட்டு வீடும் புல் வீடும்தான். சிமெண்டில் கூரை போடுகிறார்கள் என்றதும் சந்தைக்குப் போகிறவர்கள்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கீழே பலகை அடித்து, பலகையைத் தாங்க வரிசையாக மரக்கம்பங்களை நிறுத்தி, மேலே கலவையைக் கொட்டினார்கள். அந்தக் கம்பங்களைத்தான் முட்டு என்பார்கள். கூரை இறுகும்வரைக்கும் அதைத் தூக்கிப் பிடிப்பது முட்டு. இறுகுவதற்கு மேலே சேற்றால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து சுமந்து ஏணியேறி ஊற்றியவள் அத்தை.

அமாவாசைக்கு மறுநாள் போட்ட கூரை அது. வளர்பிறை பாதிகூட ஆகவில்லை, சேலத்திலிருந்து பெரிய அதிகாரி திறந்துவைக்க வருகிறார் என்று சேதி வந்துவிட்டது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. நானும்தான். திறப்பு விழா முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்ப்பதாக இருந்தது. புதிதாகச் சேரப்போகிற பிள்ளைகளில் சிலர் உள்ளே நின்று கடவுள் வாழ்த்துப் பாட வேண்டும் என்று வாத்தியார் ஏற்பாடு செய்தார். எனக்கு நல்ல குரல். அதனால் நட்டநடுவில் நிற்க வைத்தார். யார் எங்கே நிற்பது என்று தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டினார். முட்டுகளுக்கு இடையில் அந்த வட்டத்தில் நின்று நான் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போயிற்று.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம்தான் வில்லங்கம் வந்தது. பந்தலுக்குத் தளியிலிருந்து மூங்கில் ஏற்றி வந்த வண்டி அச்சு முறிந்து வழியிலேயே நின்றுவிட்டது. காண்ட்ராக்டர் அங்குமிங்கும் நடந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். இத்தனை மரம் இங்கே சும்மாதானே நிற்கிறது, எடுத்துப் பந்தலுக்கு நடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

முட்டை எடுத்தால் என்ன ஆகும் என்பது அங்கே யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. காண்ட்ராக்டருக்குத் தெரியும். கலவை குழைத்தவனுக்குத் தெரியும். என் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து நான் ஏன் கொதிக்கப் போகிறேன்? அப்பா வாய் திறக்கவில்லை. கிருஷ்ணகிரி அணை வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிடுகிறேன் என்று காண்ட்ராக்டர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆட்கள் சம்மட்டியோடு உள்ளே போனார்கள்.

அவர்களுக்கு முன்னால் அத்தை போய்விட்டாள். குடத்தை வெளியே வைத்துவிட்டு, நடு முட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

காண்ட்ராக்டர் முதலில் சிரித்தார். "மேஸ்திரி, உங்க அக்காவுக்கு வெயில் ஒத்துக்கல போல. எழுப்பிக் கூட்டிட்டுப் போ."

"எனக்கு நல்லாத்தான் இருக்குது. கூரை இன்னும் எறுகல" என்றாள் அத்தை.

"அதச் சொல்ல நீ என்னா இன்ஜினீரா?"

"தண்ணி சொமந்தவ. என் தலச் சும்மாடே இன்னும் காயல. பௌர்ணமி கழியட்டும், ஒவ்வொண்ணா நானே எடுத்துத் தரேன். பந்தல் விழுந்தா துணி விழும். இது விழுந்தா?"

அப்பா கெஞ்சினார், அப்புறம் திட்டினார். என் பொழப்பைக் கெடுக்காதே என்றார். அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு பொம்பளை அடியில் உட்கார்ந்திருக்கும்போது சம்மட்டியை ஓங்க எவனுக்கும் கை வரவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பந்தல் இல்லாவிட்டால் விழா ஏது, பாட்டு ஏது? அழுதுகொண்டே உள்ளே ஓடினேன். பார்த்தால் அவள் உட்கார்ந்திருந்தது என் சுண்ணாம்பு வட்டத்தின் மேல். சேலை பட்டுப் பாதி அழிந்தும் போயிருந்தது.

"எந்திரி அத்தே, அது என் எடம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியும் கண்ணு" என்றாள். எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்து, இனிப் பந்தல் போட நேரமில்லை என்று ஆட்கள் கலைந்த பிறகுதான் எழுந்தாள். அன்று அவள் பிசைந்து கொடுத்த களி உருண்டையைத் தட்டோடு தள்ளிவிட்டேன்.

மறுநாள் பந்தலில்லாமல் புளியமரத்து நிழலில் விழா நடந்தது. அதிகாரி தாமதமாக வந்தார், இளநீர் குடித்தார், வாசலில் நின்று உள்ளே பார்த்தார். முட்டுகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவசரப்பட்டு முட்டைப் பிரிக்காமல் பொறுப்பாக வேலை செய்திருக்கிறார் என்று காண்ட்ராக்டரின் தோளைத் தட்டி, தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். காண்ட்ராக்டர் கூசாமல் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். என் அப்பா கைதட்டினார். பாட்டுக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதென்று அத்தையிடம் அப்பா சொல்லி வைத்திருந்தார்.

மாலை வாடுவதற்குள் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அணை வேலையும் போயிற்று. நாங்கள் தளிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பள்ளிக்கூடம் எட்டாத தூரம். அந்தக் கூரைக்கு அடியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்து படிக்கவில்லை. அப்பா வெகுகாலம் அத்தையோடு பேசவில்லை. அவளும் தான் செய்தது சரி என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. அவளை நினைத்தால் எனக்குக் கர்வமாக இருக்கிறது. மற்றவர்களை நினைத்தால், தோளைத் தட்டின அந்தக் கையைக்கூட விடாமல், கோபம்தான் வருகிறது.

போன தை மாதம் உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு கீறல் இல்லை. அடியில் பிள்ளைகள் கத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் குழந்தை, ஏறக்குறைய என் வட்டம் இருந்த இடத்தில், சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று ஊரைவிட்டுத் தளிக்கு வண்டி கட்டிப் போகும்போது வழியெல்லாம் நான் அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். இத்தனை பெரிய அறையில் உட்கார இடமா இல்லை, என் இடத்தைப் பார்த்துத்தான் பிடித்தாளே என்று நினைத்து நினைத்து அழுதேன்.