டொறீன் கொளுத்தாத குருத்தோலை

மழை பிடித்த மூன்றாம் நாள் பகல், பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் அடியில் சேற்றுத்தண்ணீர் கசிவதை டொறீன் கண்டாள். உக்குவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப்போவார்கள். அன்று ஏழு பிள்ளைகள். சுவருக்குப் பின்னால் மண்மேடு.

இதே கசிவைப் போன வருடம் தான் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள். அப்போது பயப்படவில்லை. இடி மழைக்கு, குருத்து ஞாயிறன்று கோயிலில் பாதிரியார் மந்திரித்த ஓலையில் ஒரு துண்டு கிள்ளிக் கொளுத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் நெருப்புப்பெட்டி வாங்கிவந்து கொளுத்தினாள்.

"கோயிலுக்குப் போயிருவோமாம்மா?" என்று மகன் ஷியாம் கேட்டான்.

"ஓல எரியுது பாரு. ஆண்டவரு பாத்துக்குவாரு. நீ படு."

நெருப்புப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். வருவதற்குள் மேடு சரிந்து ஷியாமின் மேல் இறங்கிவிட்டது. அவனுக்குப் பத்தொன்பது வயது.

அதற்குப் பிறகும் அவள் கோயிலை விடவில்லை. விட்டால், செத்தபிறகு அவனை எங்கே போய்ப் பார்ப்பது என்ற பயம். பூசையில் எல்லாரோடும் வாயசைப்பாள், சத்தம் வராது. 'அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?' என்ற ஒன்றைத் தவிர ஆண்டவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அதைக் கேட்கவும் பயம். பதிலே வராவிட்டால்?

இப்போது, கொழுந்தெடுப்பதை நிறுத்தித் தன் குழந்தைக்குப் பால் கொடுக்க வந்த ஷியாமளா சுவரைப் பார்த்து அலறினாள்.

"அக்கா, தண்ணி வருது! அந்தோனியார் படத்துக்குப் பின்னால ஓல வச்சிருக்கீங்கல்ல? கொளுத்துங்கக்கா!"

டொறீனின் கை தானாகப் போய் ஓலையை உருவியது. அடுப்பருகே நெருப்புப்பெட்டி இருந்தது. குச்சியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"புள்ளைய தூக்கு" என்றாள்.

"இந்த மழையில எங்கக்கா?"

"கீழ ரோட்டுல, சஹாப்தீன் நானா கடைக்கு."

"கணக்கப்புள்ள ஏசுவாருக்கா."

"ஏசட்டும்."

ஷியாமளாவிடம் இரண்டு குழந்தைகள், டொறீனின் இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று. மற்ற மூன்றும் அவள் முதுகில் கட்டியிருந்த தொட்டில் சீலையின் நுனியைப் பிடித்துக்கொண்டன. கொளுத்தாமல் சட்டைக்குள் செருகிய ஓலை அவளைக் குத்தியது. வழுக்கும் படிகளில் இறங்கும்போது மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. அவள் வாய் கத்தப் போனது. கத்தலுக்குப் பதில், "அருள் நிறைந்த மரியே" என்று வந்தது. சத்தமாகவே வந்தது. 'இப்பொழுதும்' என்ற இடத்தில் செபம் நின்றது. அடுத்து வருவது 'எங்கள் மரண நேரத்திலும்'. முதுகில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வாள்? பின்னால் வந்த ஷியாமளாதான் சொல்லி முடித்தாள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள் டொறீன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது.

ரோட்டோரக் கடையில் சஹாப்தீன் நானா சாக்குகளை விரித்தார். "என்னா டொறீன், காம்பராவையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க. சீனி மூட்டைல மட்டும் யாரையும் ஒக்கார வச்சிறாதீங்க!"

பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை மாணிக்கவாசகம் குடையோடு வந்தார்.

"மேடு நின்ன எடத்துலயே நிக்குது. எந்நேரமும் கோயில் கோயில்ங்கிற ஆளு, இப்பிடியா பயப்படுறது?"

"பயந்துதாங்கய்யா தூக்கிட்டு வந்தேன்" என்றாள் டொறீன்.

மேடு அன்று இறங்கவில்லை. லயத்தில் சிலர் சிரித்தார்கள்.

மறுநாளும் மழை, கசிவும் நிற்கவில்லை. டொறீன் எரிக்காத ஓலையை மறுபடி அந்தோனியாருக்குப் பின்னால் செருகினாள். வந்த பிள்ளைகளை உள்ளே விடாமல் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள்.

"மறுபடியுமா அக்கா?" என்றாள் ஷியாமளா.

"சீலைய புடிங்க."

படியில் செபம் அதே இடத்துக்கு வந்தது. ஷியாமளா எடுத்துக்கொடுக்க வாய் திறந்தாள். அதற்குள், முதுகிலிருந்த பிள்ளையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மிச்சத்தை டொறீனே சொன்னாள்.