கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

மார்த்தாண்டத்தில் டயர் கடையில் வேலை பார்த்த அப்பாவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகுதான் அந்த மரியாதை கிடைத்தது. கொடுத்தவள் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயாளி தானே சாப்பிட, சட்டை போட, பல் தேய்க்க மறுபடியும் பழக்குவது அவள் வேலை. எனக்கு அவள் தெரபி அக்கா.

பஸ்ஸில் வந்து இறங்குவாள். அப்பாவின் அறை வாசலிலேயே நின்று, "சார், உள்ள வரலாமா?" என்பாள். அப்பா தலையசைக்கும்வரை காலெடுத்து வைக்கமாட்டாள். பிறகு, "கையத் தொடலாமா சார்?" அதற்கும் ஒரு காத்திருப்பு. அதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். நாங்களெல்லாம் கேட்காமலேதான் அவரைத் தூக்கினோம், புரட்டினோம், வாயைத் துடைத்தோம். சொந்தக்காரர்கள் அனுமதி கேட்பார்களா என்ன?

அப்பாவைப் பார்த்துக்கொள்ள அஞ்சுகிராமத்திலிருந்து அவருடைய அக்கா வந்து தங்கியிருந்தாள். அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. "மிண்டாட்டமும் பேச்சும் இல்லாம கெடக்கவன்கிட்ட என்னத்தக் கேக்க, பிள்ளே?" என்பாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சோற்றை உருட்டி அவர் வாயில் வைக்கும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். தெரபி அக்கா அதில்தான் கைவைத்தாள். பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூனை அப்பாவின் வலது கையில் கொடுத்து அவரையே சாப்பிடச் சொன்னாள். பாதிச் சோறு மடியில் விழும். அவள் முழங்கையை மட்டும் தாங்கிக்கொண்டு, அவர் மறுபடி வாரும்வரை பொறுத்திருப்பாள். ஈரமில்லாதவள் என்று நான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சபையிலிருந்து பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். ரொட்டியும் ஆப்பிளுமாக நேரே அறைக்குள் போகப் பார்த்தவர்களைத் தெரபி அக்கா வாசலில் மறித்தாள். "சார் சாப்பிடுதாவ. முடிச்ச பொறவு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். எங்கள் ஊரில் ஜெபிக்க வருகிறவர்களை யாரும் நிறுத்துவதில்லை. அவர்கள் நின்றார்கள். நின்ற இடத்திலிருந்தே அப்பாவின் சட்டையில் வழிந்த மீன்குழம்பு எல்லாருக்கும் தெரிந்தது. "ஊட்டிவிட ஆளில்லாத வீடா இது?" என்றாள் ஒருத்தி. அத்தையின் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த தடவை அக்கா வந்தபோது, இனி வர வேண்டாம் என்று அத்தை முற்றத்திலேயே சொல்லிவிட்டாள். அம்மா பின்னால் நின்றாள். அக்கா கோபப்படவில்லை.

"கை முழுசா வரும்ணு நான் சொல்லமாட்டேன். ஆனா இப்ப விட்டா, வந்ததும் போயிரும்" என்றாள். "சார்கிட்ட கேக்காம நான் போகக்கூடாது."

வழக்கம்போல அறை வாசலில் நின்றாள். வரலாமா என்று கேட்டாள். அப்பா தலையசைத்ததும் உள்ளே போய் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"வீட்டுல நிறுத்தச் சொல்லுதாவ சார். நிறுத்தட்டுமா?"

அப்பாவின் தலை இடதும் வலதுமாக ஆடியது. சற்று நின்று, மறுபடியும் ஆடியது. கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

"நிறுத்தண்டாம்ணு சொல்லுதாவ" என்று அக்கா அத்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"தல ஆடுதது அவனுக்கு எப்பவும் உள்ளதுதான்" என்றாள் அத்தை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி வர வழியில்லை என்று அப்பாவிடமே சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு அக்கா போனாள். ஸ்பூனை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தாள். சாயங்காலம் அத்தை அதைக் கழுவி அடுக்களையில் மாட்டினாள்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அப்பா இருந்தார். வலது கை மெல்ல மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நேரத்துக்குச் சோறு ஊட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் நேரே உள்ளே போய் ஜெபித்தார்கள். அவர் சட்டையில் ஒரு கறைகூட இல்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று அவர் தலை ஆடியதை நானும் நோயின் ஆட்டம் என்றே நினைத்தேன். அது பதில் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.