கூரை அடியில், பெட்டி மேலே

கார்களுக்கு ஆடியோ மாட்டுகிற அந்த ஆளை எல்லோரும் டமார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் மாட்டும் ஸ்பீக்கரின் சத்தத்துக்கு வைத்த பேர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், அது அவன் கைக்கு வைத்த பேர்.

சும்மா சொல்லக்கூடாது, அடிதடி அவனுக்குப் பரம்பரைச் சொத்து. பஸ் ஓட்டிய அப்பா வெளியில் யாரிடம் திட்டு வாங்கினாலும் வீட்டுக்கு வந்து மகன் முதுகில்தான் கணக்குத் தீர்ப்பார். ஒன்பது வயதில் விழுந்த ஓர் அறையில் வலது காது போய்விட்டது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஊர் கார்களுக்கெல்லாம் பாட்டு மாட்டிக்கொடுத்தான் என்பது வேடிக்கைதான். இரண்டு பக்கச் சத்தமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, சீட்டில் நேராக ஒரு தடவை உட்காருவான், பின்பக்கம் திரும்பி முட்டிபோட்டு ஒரு தடவை உட்காருவான். பார்த்துச் சிரித்த ஒருத்தனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. வண்டி நிறுத்துகிற இடத்துக்காகப் பக்கத்து டயர்க் கடைக்காரருக்கு மூக்கு உடைந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இவனுக்கு நேரே விரல் நுனியில்.

பெண்டாட்டி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்ற உலகமகா காரணத்துக்காக அவளை அறைந்தான். அலமாரி முனையில் மோதி அவளுக்குப் புருவத்தில் நாலு தையல். தையல் போட்டுக்கொண்டு வந்தவள் அழவில்லை, கத்தவில்லை.

"இதுதான் கடைசி. என்னை மட்டும் இல்ல, இனிமே யார் மேல கை ஓங்கினாலும் சரி, பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

சொன்னால் செய்கிறவள். மகள் இல்லாத வீட்டை டமாரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து கோபம் வந்தால் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு நிற்கப் பழகினான். எட்டு மாதம் ஓடிற்று. யார் மேலும் ஒரு தட்டு விழவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த எட்டு மாதமும் கடையில் அவனோடு இருந்தது பெண்டாட்டியின் தம்பி. தச்சு வேலை தெரிந்தவன், அதிகம் பேசாதவன். பெரிய ஸ்பீக்கர் உட்காரும் மரப்பெட்டிகளை அடிப்பது அவன் பொறுப்பு. அளவெடுப்பதும் ஒயர் இழுப்பதும் டமார். மச்சினனை அளவெடுக்க விடவே மாட்டான்.

அப்போதுதான் கல் குவாரிக்காரர் தன் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே சீட்டு. தலைக்கு மேலே இருக்கும் கூரை இரண்டு கண்ணாடிப் பலகைகள். வேண்டும்போது கழற்றி டிக்கிக்குள் படுக்கவைத்துவிட்டுத் திறந்த வண்டியாக ஓட்டலாம். வெயில் நாள் என்பதால் கழற்றி உள்ளே வைத்தபடியேதான் வந்திருந்தார்.

"சத்தம் நெஞ்சுல உதைக்கணும். ஆனா டிக்கியில இந்தக் கூரைக்கு இடம் இருக்கணும். புரியுதா?" என்றார். கல்லிடம் பேசிப் பழகிய குரல்.

"கவலையே படாதீங்க சார்" என்றான் டமார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் கண்ணாடியைத் தொடக்கூடாது. கீறல் விழுந்தால் பதில் சொல்லி மாளாது. அதனால் டமார் பலகைகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அவற்றுக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி வைத்து அளவெடுத்தான். மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"மாமா, ஒரு தடவ வெளிய எடுத்து மாட்டிப் பாத்துடலாம். எடுக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்கணும்போல இருக்கு."

"உள்ள உக்காந்திருக்குல்ல? இடம் இருக்குல்ல? நீ பெட்டிய மட்டும் அடி, போதும்."

மச்சினன் வாயை மூடிக்கொண்டு அடித்தான். அழகான பெட்டி, மூலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்ததுபோல இருந்தன. அதை எட்டு போல்ட் போட்டு வண்டியோடு இறுக்கினார்கள். குவாரிக்காரர் பாட்டைப் போட்டுப் பார்த்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். அடியில் இருந்த கூரையை இனி பெட்டியைக் கழற்றாமல் எடுக்கவே முடியாது என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தனுக்குச் சந்தேகம் இருந்தது. அவனை யார் பேசவிட்டார்கள்?

மூன்றாம் நாள் மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்தக் கார் கடைக்குள் சீறிக்கொண்டு வந்து நின்றது. குவாரிக்காரர் தொப்பலாக நனைந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, பட்டுச் சேலை உடம்போடு ஒட்டிக் கிடக்க, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டெல்லாம் தண்ணீர். நட்டநடு ரோட்டில், அவ்வளவு பேர் பார்க்க, டிக்கியைத் திறந்து கூரையை இழுத்து இழுத்துப் பார்த்துத் தோற்றுப்போய் வந்திருந்தார் மனிதர். அவர் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது.

"எவன்டா இந்தப் பெட்டிய அடிச்சது?"

மச்சினன் இழைப்புளியைக் கீழே வைத்தான். "நான்தான் சார் அடிச்சேன்" என்றான். உண்மைதானே, பெட்டியை அடித்தது அவன்தான். மீதியைச் சொல்ல வேண்டியவனைத் திரும்பிப் பார்த்தான்.

டமாரின் கைகள் தானாகவே அக்குளுக்குள் போய்விட்டன. வாயும் கூடவே மூடிக்கொண்டது.

முதல் அறையிலேயே மச்சினன் மரத்தூள் குவியலில் போய் விழுந்தான். எழுந்தவனின் முழங்கையில் ஸ்பேனர் இறங்கியது, விறகு முறிகிற சத்தம் கேட்டது. வயிற்றில் ஒரு மிதி. "சார், வேண்டாம் சார், விட்டுடுங்க சார்" என்று டமார் நின்ற இடத்திலிருந்தே சொன்னான். அளவு என்னுடையது என்கிற இரண்டு சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. குவாரிக்காரர் மச்சினனின் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய், அவன் வலது கையை டிக்கி விளிம்பில் வைத்து அழுத்தினார்.

"இந்தக் கையாலதானடா அடிச்ச?"

மூடியை ஓங்கி அறைந்தார். ஒரு தடவை. திறந்து இன்னொரு தடவை. மச்சினன் கத்திய கத்தலில் டயர்க் கடைக்காரர் ஓடிவந்தார், இன்னும் நாலு பேர் ஓடிவந்தார்கள். அவர்கள்தான் அந்த ஆளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார்கள். பம்பர் முழுக்க ரத்தம் வழிந்தது. டமார் அசையவில்லை. பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், அசிங்கமாக, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. தனக்கு விழவேண்டியது தனக்கு விழவில்லை. கொடுத்த வாக்கையும் காப்பாற்றியாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பெண்டாட்டி மருந்துக்கடை மேலங்கியோடு ஓடிவந்தாள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், முழங்கையில் தகடு வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டமார் பக்கத்தில் போனான்.

"நான் கை ஓங்கவே இல்ல. சத்தியமா. டயர்க் கடைக்காரரக் கேட்டுப் பாரு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை.

"அளவு யாரு எடுத்தது?"

"எது?"

"பெட்டிக்கு அளவு. என் தம்பியா எடுத்தான்?"

"நான்தான்."

"அதை அந்த ஆள்கிட்ட சொன்னீங்களா?"

டமார் கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டான்.

"கை ஓங்காதீங்கன்னுதான் சொன்னேன். வாயத் திறக்காதீங்கன்னு எப்ப சொன்னேன்?" அவள் குரல் உயரவே இல்லை. "அந்தாளை நீங்க ரெண்டு போட்டிருந்தாக்கூட இன்னைக்கு உங்களோட வீட்டுக்கு வந்திருப்பேன்."

அவனைத் தாண்டி உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் மச்சினனின் குரல், மருந்து மயக்கத்தில் குழறிக் குழறி வந்தது.

"அக்கா, மாமா எங்க? அவருக்கு அடி ஒண்ணும் படலல்ல?"

அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்க டமார் அங்கே நிற்கவில்லை. படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டான். உள்ளே போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை.