ஜப்பான் பேனையில் ஒரு பிள்ளையார் சுழி

வெளிநாட்டுச் சாமான் விற்கும் வவுனியாக் கடையில், போனில் படம் பார்த்தே நான் ஏங்கிய ஜப்பான் மைப்பேனை கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தது. கறுப்பு அரக்குப் பூச்சில் பொன்தூள் மீன்கள். பிளாஸ்டிக்போல் வழுக்காமல் உள்ளங்கைச் சூட்டை வாங்கிக்கொண்டது. அரக்கு அசல்தான்.

“மை தாங்கோ, எழுதிப் பார்க்கவேணும்.”

“இது அலுமாரியில வைக்கிற சாமான், அக்கா,” என்று சிரித்தபடி கடைக்காரர் மையை நீட்டினார்.

எந்தப் புதுப் பேனையிலும் போடுவதுபோலப் பிள்ளையார் சுழி போட்டேன். வளைவில் நிப் தாளைக் கீறியது. மறுபடி போட்டேன். மறுபடியும் கீறியது.

“இங்கிலிஷில கையெழுத்து வைச்சுப் பாருங்கோ, வழுக்கிக்கொண்டு போகும்.”

“நான் தமிழிலதான் எழுதுறனான். சுழியில தடக்குற பேனை எனக்கு வேண்டாம்.”

துடைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அந்த மீன்கள்மேல் ஆசை இன்னும் போகவில்லை. அதற்காக என் எழுத்தின் வளைவுகளை நிமிர்த்த மாட்டேன்.