திரும்பி வரும் தேதி

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அது தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. என்னை விட்டால் அவளுக்கு ஆளில்லை. விசா கேட்டுச் சென்னைக்குப் போனேன். கையில் பட்டா, வீட்டு வரி ரசீது, கல்யாணப் போட்டோ என்று ஒரு பெரிய ஃபைல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அதைக் கேட்கவே இல்லை. அவர் கேட்டதை ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

“எதுக்குப் போறீங்க?”

“மக பிரசவத்துக்குங்க.”

“எப்பத் திரும்பி வருவீங்க?”

எங்கள் வீட்டில் பிரசவம் பார்க்கப் போகிறவள் திரும்பும் நாளைச் சொல்ல மாட்டாள். தாய் வேறு பிள்ளை வேறாக ஆகும் முன்னால் நாள் குறிப்பது ஆகாது. “அது பிள்ளை பிறந்த பிறகுதாங்க தெரியும்” என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பாஸ்போர்ட்டோடு ஒரு தாளைத் தள்ளினார்கள். நான் ஊருக்குத் திரும்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

ஊருக்கு வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “ஏன் மதினி, அவுக என்ன நம்ம பங்காளியா, சொல்லாமப் புரிஞ்சுக்கிட? போனவுக வராம இருந்துருவாகளோன்னுதான அங்கன உக்காந்து கேக்குறாக. ஒரு தேதியச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“ஒம் மகளுக்குன்னா சொல்லுவியா?”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அதன் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. திராட்சைத் தோட்டத்துக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியபோது, அவளே கம்ப்யூட்டரில் தேடித் தேடி விசா பேட்டிக்கு எனக்கு இன்னொரு நாள் வாங்கினாள்.

இந்த முறை வேறு அதிகாரி. கேள்வி அதேதான்.

“திராட்சைக் கொடியைக் கவாத்து பண்ணி, கிளையெல்லாம் வெட்டி விட்டாச்சுங்க. நாலு மாசத்துல பழம் வெட்டணும். வீட்டுக்காரர் ஒத்தையாச் சமாளிக்க மாட்டாக. அதுக்குள்ள வந்துருவேன்.”

“தேதி சொல்லுங்க.”

குலசாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். டாக்டர் குறித்த நாளுக்கு இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதியைச் சொன்னேன். அவர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது.

“என்னம்மா கேட்டாக?” என்றாள் மகள் போனில். எல்லாவற்றையும் சொன்னேன், தேதியைத் தவிர.

மறுநாள் டிக்கெட் போட மாப்பிள்ளை கூப்பிட்டார். “எப்ப ரிட்டர்ன் போடட்டும், அத்தை?”

“போறதுக்கு மட்டும் போடுங்க.”

“இங்க வந்து இறங்குனதும் கேப்பாங்க, அத்தை.”

“அப்ப நீங்களே ஒரு நாளப் பாத்துப் போட்டுக்கங்க. எங்கிட்டயும் சொல்லாதீக, அவகிட்டயும் சொல்லாதீக” என்று போனை வைத்துவிட்டேன்.